அப்பாவின் மோரிஸ் மைனர் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது

அன்று காலை ஷெட் கதவு ஒரு முழம் திறந்து கிடந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். கார் இருந்தது, ஆனால் நான் நிறுத்திய இடத்தில் இல்லை. நாலடி முன்னால் நகர்ந்து, வாசல் மேட்டில் முன்சக்கரம் முட்டி நின்றது. ஓட்டுநர் பக்கத்து முக்கோணக் கண்ணாடியை நெம்பித் திறந்திருந்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் வயர்கள் கொத்தாகத் தொங்கின.

அது 1959-ல் வந்த மோரிஸ் மைனர் 1000. அப்பா ஓட்டிய கார். நான் முதல் முதலில் பள்ளிக்கூடம் போனது அதில்தான். அப்பாவைக் கடைசியாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் அதில்தான். அது போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கக்கூட அன்று முடியவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பழைய வண்டிகளிலேயே வாழ்நாளைக் கழித்த மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டார். வயரைப் பிடுங்கி இக்னிஷனை இணைத்திருக்கிறார்கள். இந்தக் காரில் செல்ஃப் அடிக்கச் சாவி தேவையில்லை. டேஷ்போர்டில் இருக்கும் குமிழை இழுத்தால் ஒரு கேபிள் போய் செல்ஃப் ஸ்விட்சை அழுத்தும். அந்தக் குமிழைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் சோக் குமிழ், அதாவது குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் குமிழ், எதற்கென்று அவர்களுக்குத் தெரியவில்லை. குளிர்ந்து கிடந்த இன்ஜின் சோக் இல்லாமல் பிடிக்கவில்லை. பேட்டரி தீரும்வரை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் தள்ளப் பார்த்து, மேட்டில் ஏற்ற முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"தம்பி, வண்டிய இன்னைக்குக் காப்பாத்துனது சோக்குதான். அடுத்த தடவ வர்றவனுக்கு அது தெரிஞ்சிருக்கும்" என்றார். பூட்டு வாங்கக் கிளம்பிய என்னை உட்கார வைத்து இன்னொன்றும் சொன்னார். "வண்டி எப்படிப் போகும்னு மொதல்ல யோசி. ஓட்டிட்டுப் போவான், தள்ளிட்டுப் போவான், இல்லன்னா தூக்கிட்டுப் போவான். மூணுக்கும் ஒரே பூட்டு கெடையாது."

அடுத்த மூன்று மாதம் நான் செய்ததெல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான்.

முதலில், ஓட்டிப் போவது. சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத மின்னணுப் பூட்டான, இன்றைய கார்களில் இருக்கும் இம்மொபிலைசர் ஐரோப்பாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமானதே 1998-ல்தான். அமெரிக்காவில் ஸ்டீயரிங் பூட்டு போன்ற திருட்டுத் தடுப்பு கட்டாயமானது 1970 ஜனவரியிலிருந்து. என் காரில் இரண்டும் இல்லை. சாவியும் பெரிய காவல் கிடையாது. அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கு எஃப்ஏ 501-லிருந்து 625 வரை எண்ணிட்ட சாவிகள்தான். மொத்தமே 125 வகை. பல கார்களில் அந்தச் சாவி எண்ணைப் பூட்டின் முகத்திலேயே பொறித்து வைத்திருந்தார்கள், தொலைத்தவர் எளிதாக வாங்கிக்கொள்ளட்டும் என்று. என் கார்ப் பூட்டு தேய்ந்து போனதால் கணக்கு இன்னும் மோசம். அண்ணனின் சாவிக்கொத்தில் இருந்த ஏதோ ஒரு சாவியே அதைத் திருப்பிவிட்டது.

சரி, மறைவாக ஒரு ஸ்விட்ச் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். எங்கே வைப்பது என்பதில் நான் முதலில் தவறிவிட்டேன். இந்தக் காரில் மின்சார ஃபியூல் பம்ப் இருக்கிறது. அதற்குப் போகும் வயரில் ஸ்விட்ச் வைத்தால் பெட்ரோல் வராது, வண்டி நின்றுவிடும் என்று நினைத்தேன். வைத்தோம். பம்பை நிறுத்திவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். கார்ப்புரேட்டரின் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் மிச்சமிருந்த பெட்ரோலிலேயே வண்டி தெருவைத் தாண்டிப் போய், சந்திப்பின் நடுவில் நின்றது. பின்னால் வந்த லாரி பிரேக் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திருடனாகவே இருந்தாலும் ஒருவனை நடுரோட்டில் அப்படி நிறுத்தக்கூடாது. காருக்கும் அது நல்லதல்ல. அன்று மாலையே அந்த ஸ்விட்சைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது யோசனை, தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரைத் துண்டிப்பது. பலரும் செய்வது இதுதான், செய்யவும் சுலபம். ஆனால் விஷயம் தெரிந்தவன் பானெட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு வயர் போட்டால் வண்டி ஓடும். அண்ணன் வேறு வழி சொன்னார். தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், திறந்து மூடி காயிலின் மின்சாரத்தை அறுக்கும் பாயிண்ட்டுக்கு வரும் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, மறைவான ஸ்விட்ச் வழியாக பாடியில் எர்த் செய்துவிடுவது. ஸ்விட்ச் போட்ட நிலையில் பாயிண்ட் திறந்தாலும் மின்சாரம் அறுபடாது. மின்சாரம் அறுபடாமல் காயிலில் தீப்பொறி பிறக்காது. பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தாலும் இதே கதைதான்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, வெளியே எதுவும் தெரியாது என்பது. இக்னிஷன் விளக்கு எரியும். பம்ப் வழக்கம்போல டிக் டிக் என்று அடித்து ஓயும். செல்ஃப் சுற்றும். இன்ஜின் மட்டும் பிடிக்காது. பழைய கார் என்றால் ஒரு காலைப் பொழுது அப்படித்தானே இருக்கும்! இரண்டு தொல்லைகளும் உண்டு. அந்தக் கிளை வயர் எங்காவது உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால் ஓடும் வண்டி நின்றுவிடும். அதனால் இரும்புத் தகட்டைக் கடக்கும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போட்டோம். இன்னொன்று, ஸ்விட்ச் போட்டபடியே இக்னிஷனை ஆன் செய்து வைத்தால் காயில் சூடேறும். புதிய வயர் பளபளத்தால் கண்ணில் படும் என்பதால், பழைய வயரிங்கில் இருப்பது போலவே நூல் சுற்றிய வயரைத் தேடி வாங்கினேன். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது அண்ணனுக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். இருட்டில், சீட்டில் உட்கார்ந்தபடியே கை போகிற இடம். அந்த அளவுக்குச் சுலபமாக இல்லையென்றால் பத்தாவது நாளிலிருந்து போடாமல் விட்டுவிடுவோம்.

பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்சும் போட்டேன். திருட்டுக்கு என்று நம்பிப் போடவில்லை. இந்த வகை ஸ்விட்ச்சுகளில் பலவற்றுக்கு வரும் சிவப்புச் சாவி எல்லாம் ஒரே அச்சு, ஒன்று இன்னொன்றைத் திருப்பும். பழைய வயரிங்கில் தீப்பிடிக்கும் பயம் குறையும் என்பதுதான் எனக்கு முக்கியம். என் காரில் பேட்டரியை சார்ஜ் செய்வது பழைய டைனமோ. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியாக இருந்தால் இன்ஜின் ஓடும்போது இதைத் திருப்பவே கூடாது, டயோடு எரிந்துவிடும்.

தள்ளிப் போவதைத் தடுப்பது சின்ன வேலை என்று நினைத்தேன், அதுதான் அதிகம் இழுத்தடித்தது. கியரில் விட்டால் போதும் என்று சொல்வார்கள். உள்ளே ஏறிவிட்டவன் நியூட்ரலுக்குத் தள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஹேண்ட்பிரேக்கை மாதக்கணக்கில் இழுத்து வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங்கில் குறுக்காக மாட்டும் கம்பிப் பூட்டு வாங்கினேன். அதன் உருக்கு கனமானதுதான், ஆனால் அது பற்றியிருப்பது பழைய ஸ்டீயரிங்கின் மெல்லிய வளையத்தை. பூட்டை யாரும் அறுக்க மாட்டார்கள், வளையத்தை அறுத்துவிட்டுப் பூட்டை உருவிக்கொள்வார்கள். எனக்கு இரட்டை நஷ்டம், ஏனென்றால் அசல் ஸ்டீயரிங் கிடைப்பது லேசில்லை. முழு வளையத்தையும் மூடும் வகை இதைவிட நல்லது. இரண்டுமே கண்ணில் படுகிற எச்சரிக்கை என்ற அளவில்தான் எனக்குத் திருப்தி.

அதனால் காசை வேறு இடத்தில் போட்டேன். முன்சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடிக்கும் ஒரு வீல் கிளாம்ப். ஷெட் தரையில் கான்கிரீட் தோண்டிப் பதித்த ஒரு கனத்த இரும்பு வளையம். அதிலிருந்து பின் ஆக்ஸிலைச் சுற்றி ஒரு சங்கிலி. சங்கிலியை மாட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பின் ஆக்ஸில் மேலேயே பிரேக் குழாய் போகிறது. சங்கிலி அதன்மேல் உட்கார்ந்தால், திருடன் வராவிட்டாலும் ஒருநாள் பிரேக் போய்விடும். கெட்டியான ரப்பர் உறை போட்டு, குழாயைத் தொடாத இடமாகப் பார்த்து மாட்டுகிறேன். சங்கிலி தரையில் கிடக்கவும் கூடாது. தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியை முழு உடல் எடையோடு அழுத்தி வெட்டிவிடலாம்.

தூக்கிப் போவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். 1997-ல் அமெரிக்காவின் புளோரிடாவில், போகா ரட்டோன் விமான நிலையத்தில் பூட்டியிருந்த ஹேங்கரிலிருந்து ஓர் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காணாமல் போனது. சினிமாவில் வந்த, உலகமே அறிந்த கார். விமானக் கொட்டகையும் பூட்டும் அதற்கே போதவில்லை. இன்ஜினை ஓடவிடாமல் தடுக்கும் எந்தத் தந்திரமும் லாரியில் ஏற்றுகிறவனிடம் செல்லாது. அவனுக்கு வேண்டியது பத்து நிமிடமும், வண்டியைக் கம்பியால் இழுத்தேற்றும் ஒரு வின்ச்சும்தான். நம்மால் முடிந்தது அந்தப் பத்து நிமிடத்தை அரை மணி ஆக்குவதும், சத்தம் எழுப்ப வைப்பதும், போன பிறகு தேட வழி வைப்பதும்.

தேடுவதற்கு ஜிபிஎஸ் டிராக்கர். இங்கே பழைய காருக்கே உரிய ஒரு சிக்கல். என் கார் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். டிராக்கரோடு வந்த படத்தில் கறுப்பு வயரை பாடியில் இணைக்கச் சொல்லியிருந்தது. இங்கே சிவப்புதான் பாடிக்கு, கறுப்பு பேட்டரியின் மறுமுனைக்கு. டிராக்கரின் கூடு உலோகமாக இருந்து பாடியைத் தொட்டால் ஷார்ட் ஆகும். நான் பிளாஸ்டிக் கூடுள்ளதைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்தது பேட்டரிக் கணக்கு. சும்மா இருக்கும்போது டிராக்கர் 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 14-க்கும் மேல். 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அபூர்வமாக எடுக்கும் காருக்கு இது பெரிய இழப்பு. வாராவாரம் சார்ஜர் போடுகிறேன். டிராக்கருக்கு உள்ளேயே சொந்த பேட்டரி இருப்பதால் மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் சில நாள் தாங்கும். இரும்புக் கன்டெய்னருக்குள் அடைத்துவிட்டால் அதற்கு வானமும் தெரியாது, செல்போன் கோபுரமும் கிட்டாது. சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக் ஒன்றையும் வைக்க நினைத்தேன். 2021-ல் வந்த ஏர்டேக் போன்றவை, உரியவர் அருகில் இல்லாமல் கூடவே வந்துகொண்டிருந்தால் அதை எடுத்துப் போகிறவரின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பிவிடும். மனிதர்களைப் பின்தொடராமல் இருக்க அது அவசியமான ஏற்பாடு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் காரை விட முடியாது.

போலீசில் புகார் கொடுக்கப் போன அன்று சேசிஸ் நம்பர் கேட்டார்கள். ஆவணத்தில் இருந்த எண்ணைச் சொன்னேன். காரில் இருக்கும் தகட்டோடு அது சரியாகப் பொருந்துகிறதா என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது தகட்டின் மேல் நாலைந்து கோட்டு பெயிண்ட். மெதுவாகச் சுரண்டிப் படித்தேன். எல்லா எழுத்தும் பொருந்தியபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இன்று கார்களுக்கு இருக்கும் 17 இலக்க எண் 1981-ஐ ஒட்டித்தான் நிலைப்பட்டது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை, ஒரு நீளம். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் அடையாளங்களையும் சேர்த்தேன். இன்ஜின் எண், இடது கதவின் அடியில் அப்பா காலத்தில் வைத்த வெல்டிங், பின்சீட்டின் அடியில் நானே சிறுவயதில் ஆணியால் கீறிய என் பெயரின் முதலெழுத்து. எல்லாவற்றையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா மையில் கதவு, டிக்கி, கியர்பாக்ஸ் என்று ஆறேழு இடத்தில் எழுதி வைத்தேன். பிரித்து உதிரிபாகமாக விற்றாலும் ஏதாவது ஒன்று பேசும்.

காப்பீட்டில் "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்ற வகையைக் கேட்டு வாங்கினேன். சாதாரணப் பாலிசியில் இழப்பு நேர்ந்த பிறகு சந்தை மதிப்பு என்ன என்று வாதாட வேண்டும். பழைய காருக்குச் சந்தை மதிப்பை யார் சொல்வது? இதில் தொகையை முன்கூட்டியே பேசி எழுதிவிடுகிறார்கள். இரவில் பூட்டிய ஷெட்டில் நிறுத்த வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை வரிவரியாகப் படித்துக்கொண்டேன். இணையத்தில் போட்டிருந்த பழைய படங்களையும் தேடி எடுத்தேன். இரண்டில் ஷெட்டும் தெருவும் தெளிவாகத் தெரிந்தன. இன்னொன்றில் படத்தோடு இடத்தின் குறியீடும் போயிருந்தது. மூன்றையும் நீக்கினேன்.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணனிடம் கேட்டேன், "அண்ணே, நீங்களே எடுத்துப் பாருங்க. ஸ்விட்சைத் தொடக் கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை." அவர் உற்சாகமாக இறங்கினார். சங்கிலியும் கிளாம்பும் மாட்டாமலேயே விட்டேன். காயிலுக்கு நேர் வயர் போட்டார். இந்த முறை சோக்கும் இழுத்தார். பம்ப் அடித்தது, செல்ஃப் சுற்றியது. ஒரு தும்மல்கூட இல்லை. இருபது நிமிடம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "கெளம்பலப்பா" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வெளியே எடுத்துப் போகும்போது சங்கிலியும் இல்லை, வளையமும் இல்லை. அப்போது ஒரு மிகப் பழைய முறையைச் செய்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழன்று தீப்பொறியைக் கடத்தும் ரோட்டாரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். 1940-ல் ஜெர்மானியப் படை இறங்கிவிடுமோ என்று பிரிட்டன் அஞ்சியபோது, நிறுத்திய கார்களை ஓட முடியாதபடி செய்துவிட்டுப் போகச் சட்டமே போட்டார்கள். அன்று பலர் செய்தது இதைத்தான். கட்டைவிரல் அளவு பொருள். அதை ஒரு துணியில் சுற்றி வைக்கிறேன், சில்லறையோடு உரசி அதன் பித்தளை நுனி கெடாமல் இருக்க. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து ஷெட்டில் நிறுத்தியபோதும் பழக்கத்தில் அதை உருவிப் பையில் போட்டுவிட்டேன். மனைவி சட்டையைத் துவைக்க எடுத்து, பையில் கைவிட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அதை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். நான் ஷெட்டுக்குப் போய் அதை மாட்டி, மூடியின் இரண்டு கிளிப்பையும் போட்டு, ஸ்விட்சைத் தள்ளி, சங்கிலியைப் பூட்டிவிட்டு வந்து படுத்தேன்.