ரூட்டைல் (110): காலியிடமா, ஹைட்ராக்சிலா? பெங்களூரு எஸ்டிஎம் நாட்குறிப்பு

ஜூலை 3

ரூட்டைலின் (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு வடிவம்) புதுப் படிகம், 110 என்ற முகம் மேலே தெரிய, வெற்றிட சேம்பருக்குள் போயாயிற்று. 10×10×1 மி.மீ., கண்ணாடி மாதிரித் தெளிவு. இந்த நிலையில் எஸ்டிஎம் (ஊசிக்கும் மாதிரிக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தைக் கொண்டு அணுக்களைப் படமெடுக்கும் நுண்ணோக்கி) ஊசியைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. ரூட்டைலின் பட்டை இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்ட், அதாவது மின்சாரம் கடத்தாது. மின்னோட்டம் கிடைக்காத ஊசி முன்னேறிக்கொண்டே போய் முட்டி மழுங்கும். முதலில் படிகம் கொஞ்சம் ஆக்சிஜனை இழந்து, நீலமாகி, மின்சாரம் கடத்த வேண்டும். ஆர்கான் ஸ்பட்டர் (அயனிகளால் மேற்பரப்பைச் செதுக்குதல்), 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட், 10 நிமிடம்; பிறகு 950 கெல்வினில் 15 நிமிடம் அனீல் (சூட்டில் வைத்துச் சீராக்குதல்). மறுபடி அதே சுற்று.

பைரோமீட்டரை (ஒளிர்வைப் பார்த்து வெப்பநிலை சொல்லும் கருவி) நம்ப வேண்டாம். தெளிவான படிகத்தின் வழியே அது பின்னாலிருக்கும் ஹீட்டரைத்தான் பார்க்கும். தெர்மோகப்பிளை (தொட்டு அளக்கும் வெப்பநிலை உணரி) படிகத்தின் விளிம்பிலேயே அழுத்திப் பிடிக்க வைப்பது உத்தமம்.

ஜூலை 5

வெளிர்நீலம். இதுவே போதும், கருநீலம் வரை விட்டால் (1×2) இழைகள் (அணு அமைப்பு மாறிய கோடுகள்) முளைத்துப் படத்தைக் கெடுக்கும்.

ஊசி: 0.25 மி.மீ. டங்ஸ்டன் கம்பி, 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மின்னரிப்பு. கீழ்த்துண்டு அறுந்து விழுந்த நொடியே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும், தாமதித்தால் முனை உருண்டுவிடும்.

ஜூலை 6

மாதிரியில் +1.5 வோல்ட், 0.1 நானோ ஆம்பியர். அணு வரிசைகள் தெரிகின்றன: இடைவெளி 6.5 ஆங்ஸ்ட்ராம், வரிசைக்குள் 2.96.

பளிச்சென்று ஓடுவது டைட்டானியம். துருத்தி நிற்பதென்னவோ பால ஆக்சிஜன்தான் (இரண்டு டைட்டானியத்துக்கு மேலே பாலம்போல் நிற்பது), ஆனால் மாதிரி நேர்மின்னழுத்தத்தில் இருக்கும்போது எலக்ட்ரான் போய் அமரத் தோதான காலி நிலைகள் டைட்டானியத்தில் உள்ளன. அதனால் மேடு இருட்டு, பள்ளம் வெளிச்சம்.

இருட்டு வரிசையில் வரும் பொட்டுகள்தான் தலைவலி. மங்கலானது ஆக்சிஜன் காலியிடம் (பால ஆக்சிஜன் விடுபட்ட இடம்). சற்றே பிரகாசமானது ஹைட்ராக்சில் (ஹைட்ரஜன் ஒட்டிய ஆக்சிஜன்). அதைவிடப் பிரகாசமானது ஹைட்ராக்சில் ஜோடி. 2000-களின் தொடக்கத்தில் வந்த கட்டுரைகளிலேயே இவை மாறிப்போயிருந்தன. 2005, 2006 வாக்கில்தான் தெளிந்தது.

குழப்பத்துக்குக் காரணம் எஞ்சிய நீராவி. 10 நானோமீட்டர் சதுரத்தில் ஏறத்தாழ 520 அலகுகள் (திரும்பத் திரும்ப வரும் அணுக்கட்டங்கள்). அதில் 8 சதவீதம் காலி என்றால் 40 காலியிடங்கள். அழுத்தம் 10⁻¹⁰ மில்லிபார், அதில் ஐந்தில் ஒரு பங்கு நீர் என்று வைத்தாலும் மணிக்கு 25 மூலக்கூறுகள் அந்தச் சதுரத்தில் வந்து விழும். அறை வெப்பநிலையில் அவை டைட்டானியம் வரிசையில் ஓடிக் காலியிடத்தைக் கண்டுபிடித்து உடைந்து, ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ராக்சிலாகும். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் ‘காலியிடங்களை’ எண்ணுவது வீண்வேலை. அழுத்தமானி காட்டும் எண்ணோடு நிற்காமல் ஆர்ஜிஏ-வில் (எஞ்சிய வாயுக்களை நிறைவாரியாகக் காட்டும் கருவி) நிறை 18-ஐ, அதாவது நீரை, பார்க்க வேண்டும்.

ஜூலை 7

வெளிவட்டச் சாலைப் பக்கம் ‘இரவில் அமைதி’ என்பதெல்லாம் கதை; லாரிகள் ஓடுவதே அப்போதுதான். விடிகாலை 3 மணி தேவலை. மாதிரியைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றியாயிற்று. இந்த ஊர் உயரத்தில் அது 77-இல் அல்ல, ஏறக்குறைய 76.4 கெல்வினில் கொதிக்கிறது. தெர்மாமீட்டர் பழுது என்று பதற வேண்டாம்.

ஜூலை 9

சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு வழி. பொட்டுகள் உள்ள பகுதியில் +3 வோல்ட் துடிப்பு கொடுத்தால் ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் பறந்துவிடும், காலியிடம் அசையாது. முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கணக்கு தெரியும். ஊசிமுனையும் மாறிவிடக்கூடும் என்பதால் தொடாத பகுதி ஒன்றையும் படச் சட்டத்துக்குள் சேர்க்கணும்.

இன்னொன்று சூடு. 500 கெல்வின் அளவில் ஹைட்ராக்சில்கள் ஜோடி சேர்ந்து நீராகக் கிளம்ப, காலியிடம் திரும்ப வரும். ஆகவே மேற்பரப்பு நீர் பிடித்துவிட்டது என்று மீண்டும் ஸ்பட்டர் செய்ய வேண்டியதில்லை. 600 கெல்வினுக்கு ஒரு தரம் ஏற்றி இறக்கினால் போதும். மாதிரிப் பிடியை முன்கூட்டியே சுட்டுக் காயவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது அதிலிருந்து வரும் நீரே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.