தொட்டால் நொறுங்கும், அடித்தால் உருகும்

ஏரோஜெல் துண்டு ஒன்றை முதன்முதலில் கையில் எடுத்தபோது லேசாக அழுத்திவிட்டேன். பொரி மாதிரி நொறுங்கிப் போனது. நீலப் புகையை வெட்டி வைத்ததுபோல இருக்கும் அந்தப் பொருளும் கண்ணாடிதான், அதே சிலிக்கா. உள்ளே பெரும்பகுதி வெறும் துளை, அவ்வளவுதான்.

போன வாரம் வகுப்பில் அதிர்ச்சி அலை (பலமாக மோதும்போது ஒரு பொருளுக்குள் ஒலியைவிட வேகமாகப் பாயும் அழுத்த அலை) பாடம் நடத்தும்போது இதைச் சொன்னேன். "இவ்வளவு மெத்தென்று இருந்தால் அடியை வாங்கிக்கொண்டு சூடாகாமல் இருக்கும், இல்லையா சார்?" என்றாள் ஒரு மாணவி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். அதிர்ச்சி அலை ஏற்றும் ஆற்றல், அழுத்தத்தையும் கனஅளவு எவ்வளவு குறைந்ததோ அதையும் பெருக்கி அதில் பாதி. சாதாரண சிலிக்கா கண்ணாடி ஒரு கிராம் 0.45 கன செ.மீ. 1 ஜிகாபாஸ்கலில் (காற்று மண்டல அழுத்தத்தைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு) 3 சதவீதம் போலச் சுருங்கும். ஆற்றல் சுமார் 7 ஜூல். அதிலும் பெரும்பகுதி ஸ்பிரிங் மாதிரித் திரும்பிவிடும். கன செ.மீ.க்கு 0.1 கிராம் எடையுள்ள ஏரோஜெல்லில் அதே ஒரு கிராம் 10 கன செ.மீ. அதே அழுத்தத்தில் அது நசுங்கி அரை கன செ.மீ. ஆகிவிடுகிறது என்று வையுங்கள்: ஏறக்குறைய 4,700 ஜூல். சிலிக்காவை 1,700 டிகிரிக்கு மேல் ஏற்றி உருக்க இது தாராளம்.

"உள்ளே இருக்கும் காற்று அமுங்குவதால்தானே சார், சைக்கிள் பம்ப் மாதிரி?" நல்ல கேள்வி. ஆனால் வெற்றிடத்திலும் சூடாகும். துளைச் சுவர்கள் வெற்றிடத்துக்குள் பாய்ந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த வேகமெல்லாம் வெப்பமாகிறது. அழுத்தத்தை இன்னும் கூட்டினால் விசித்திரம்: சூட்டில் உப்பி, அடர்த்தி குறையவே தொடங்கும்!

சரி, அப்படியென்றால் நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வில்ட் 2 வால்நட்சத்திரத்தின் தூசியைப் பிடிக்க ஏன் இதையே கொண்டுபோனது? 2004 ஜனவரியில் தூசி வந்து மோதிய வேகம் நொடிக்கு 6.1 கி.மீ. கெட்டிக் கண்ணாடியில் மோதியிருந்தால் அழுத்தம் பல பத்து ஜிகாபாஸ்கல். ஏரோஜெல்லில் அடர்த்தி குறைவு என்பதால் 1 ஜிகாபாஸ்கல் அளவில்தான் நின்றது. துகள் கேரட் வடிவில் துளைத்துக்கொண்டே போய் நுனியில் நின்றுவிடும்.

ஆனால் சூடு இல்லாமல் போகவில்லை. வழியில் ஏரோஜெல் உருகி, துகளின் மெல்லிய பொடியும் அதில் கரைந்து உறைந்தது. 2006-ல் பூமிக்கு வந்த அந்தத் தடங்களின் சுவரில் எந்த சிலிக்கா வால்நட்சத்திரத்தினுடையது, எது நாம் அனுப்பியது என்று பிரிப்பதுதான் பெரும் தலைவலி.