மண் சூடாகும் வரை

மார்ச் 28
வெளியே பனி இன்னும் கரையவில்லை. தக்காளியும் குடைமிளகாயும் விதைத் தட்டில் போட்டாயிற்று. மே கடைசி வரை இங்கே உறைபனி வரும். அதற்கு எட்டு வாரம் முன்னால் வீட்டுக்குள் தொடங்கினால்தான் காய் பார்க்க முடியும்.

ஏப்ரல் 11
ஜன்னலோரத்து நாற்றுகள் ஒல்லியாக நீண்டு சாய்கின்றன. வெளிச்சம் போதவில்லை. எல்.இ.டி. விளக்கை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, நாளுக்கு 15 மணி நேரம் எரிய விட்டிருக்கிறேன். தக்காளியைக் கழுத்து வரை புதைத்து வேறு தொட்டிக்கு மாற்றினேன். தண்டிலிருந்தே வேர் விடும் என்பதால் அது பிழைத்துக்கொள்ளும்.

மே 6
சாயங்காலம் எட்டு மணிக்கும் வெயில். ஆனால் விரற்கடை ஆழத்தில் மண் 7 டிகிரிதான். போன வருடம் இதே வெயிலை நம்பி பீன்ஸ் போட்டேன். ஒன்றுகூட முளைக்காமல் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. பீன்ஸுக்கு மண்ணில் 15 டிகிரியாவது வேண்டும். பட்டாணி அப்படியில்லை, 5 டிகிரியிலேயே முளைக்கும். அதனால் இன்று பட்டாணி மட்டும். இங்கே வெளிச்சம் முதலில் வந்துவிடுகிறது, சூடு வாரக்கணக்கில் பின்தங்குகிறது. காலண்டரைவிட மண்ணில் செருகும் வெப்பமானியைத்தான் இப்போது நம்புகிறேன்.

மே 21
ஆப்பிள் கன்று முழுக்கப் பூத்திருக்கிறது. வானில் ஒரு மேகமில்லை, காற்றுமில்லை. இப்படிப்பட்ட இரவில்தான் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியிலேயே கருக ஆரம்பிக்கும். பழைய போர்வைகளைத் தரை தொடும்படி போர்த்தி, ஓரங்களில் கல் வைத்தேன். மண்ணிலிருந்து எழும் சூடு உள்ளேயே தங்க வேண்டுமே! உள்ளே நான்கு வாளித் தண்ணீரும் வைத்திருக்கிறேன். ஆற ஆற அதுவும் சூட்டை விடும். மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன்.

மே 22
புல்லெல்லாம் வெள்ளை. ஒரு பூவைப் பறித்துக் குறுக்கே வெட்டினேன். நடுவில் கறுத்திருந்தால் செத்துவிட்டது என்று பொருள். பச்சையாக இருந்தது! இன்னும் இரண்டு பூக்களை வெட்டினேன், அவையும் பச்சை. சரி, போதும் என்று கத்தியை வைத்துவிட்டேன்.

ஜூன் 19
பாலக் கீரை பூத்தண்டு விட்டுவிட்டது. பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் அது இலையை மறந்து விதைக்கு ஓடும். அடுத்த விதைப்பு ஆகஸ்டில்.

செப்டம்பர் 20
ராத்திரி 3 டிகிரி ஆகும் என்கிறார்கள். தக்காளிச் செடியை இனி வைத்திருந்து பயனில்லை. வெளுக்க ஆரம்பித்த காய்களையெல்லாம் பறித்து, ஒரு பழுத்த ஆப்பிளோடு பெட்டியில் மூடி வைத்தேன். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அவற்றைப் பழுக்க வைக்கும். அந்த ஆப்பிள் நம் கன்றில் காய்த்தது. மொத்தம் ஒன்பது காய்கள்.

அக்டோபர் 14
முதல் உறைபனி பட்டதும் கேல் கீரை இனிக்கிறது. குளிரைத் தாங்க அது சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. அப்புறம் பூண்டுப் பற்களை ஊன்றி, மேலே சருகு மூடினேன். சில வாரமாவது குளிர் பட்டால்தான் அது பல் பிரியும். வெப்பமானியைக் கழுவி உள்ளே வைத்துவிட்டேன்.