கலிலேயாவின் ஜெப ஆலயங்கள் வழியே எருசலேமுக்கு

இஸ்ரவேலுக்குப் புனிதப் பயணம் போகிற நம் ஊர்க் குழுக்கள் பெரும்பாலும் அற்புதங்களின் வரிசையில்தான் இடங்களைப் பார்க்கின்றன. கானாவூர், அப்பங்கள் பெருகிய இடமாகச் சொல்லப்படும் தாப்கா, கலிலேயாக் கடலில் ஒரு படகுப் பயணம். எல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் இயேசு ஓய்வுநாளில் எங்கே போனார்? நாசரேத்தில் அவர் தம்முடைய வழக்கத்தின்படியே ஜெப ஆலயத்துக்குப் போனார், வாசிக்க எழுந்து நின்றார், ஏசாயாவின் புஸ்தகம் அவரிடம் கொடுக்கப்பட்டது என்கிறார் லூக்கா. ஒரு யூதராகப் பிறந்து, யூதராக வளர்ந்து, யூதராக ஜெபித்தவரின் அந்த வழக்கம் நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பயணத்தில் என் ஆசை.

அந்த ஆசை மகதலாவில் நிறைவேறியது. திபேரியாவிலிருந்து ஏரிக்கரையோரமாக வடக்கே சிறிது தூரம்தான். 2009இல் யாத்திரிகர்களுக்கு விடுதி கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டும் முன் தொல்லியல் ஆய்வு நடந்தது. மண்ணை விலக்கியதும் முதல் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்று வெளிப்பட்டது. கி.பி. 29ஆம் ஆண்டு நாணயமும் அதில் கிடைத்திருக்கிறது. அதாவது, இயேசு கலிலேயா முழுவதும் ஜெப ஆலயங்களில் உபதேசித்துத் திரிந்த காலத்து ஆலயம் இது. மகதலேனா மரியாளின் ஊர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடம் சிறியதுதான். சுவரை ஒட்டி நான்கு புறமும் கல் இருக்கைகள், நம் வீட்டுத் திண்ணையைப் போல. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்து வேதம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் குழுவில் வந்த வயதான அம்மா ஒருவர், "ஐயா, ஆண்டவர் இதில் உட்கார்ந்திருப்பாரா?" என்று போதகரிடம் கேட்டார். "உட்கார்ந்தார் என்று எழுதியில்லை அம்மா. ஆனால் கலிலேயாவின் ஜெப ஆலயங்களில் எல்லாம் போதித்தார் என்று எழுதியிருக்கிறது" என்றார் அவர். அந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

கூடத்தின் நடுவில் ஒரு செதுக்குக் கல் இருக்கிறது. இப்போது அங்கே இருப்பது பிரதி. முட்டி உயரம்கூட இல்லை, குட்டைக் கால்கள். ஒரு பக்கத்தில் எருசலேம் தேவாலயத்தின் ஏழு கிளைக் குத்துவிளக்கு, அதன் இரு புறமும் இரண்டு சாடிகள். மேற்பரப்பில் ஒரு பெரிய பூ. எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் இடிக்கப்படுவதற்கு முன்பே செதுக்கப்பட்ட கல் இது. மலைமேல் இருந்த ஆலயத்தை ஏரிக்கரை மீனவர்கள் தங்கள் நடுவில் வைத்துக்கொண்ட விதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே சுத்திகரிப்புக் குளங்கள். படி இறங்கி முழுகி எழுகிற அமைப்பு. நிலத்தடி நீர் இன்றும் அவற்றில் ஊறுகிறது. யோவான் ஸ்நானன் யோர்தானில் செய்ததைக் கேட்ட யூதர்களுக்குத் தண்ணீரில் முழுகி எழுவது புதிய காரியமாகத் தோன்றியிருக்காது.

அங்கே இப்போதுள்ள கிறிஸ்தவ ஆலயத்தின் கீழ்த்தளத்தில், பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடும் பெரிய ஓவியம் உண்டு. கால்களும் அவற்றுக்கு நடுவே நீளும் ஒரு கையும் மட்டுமே தெரியும்.

கப்பர்நகூமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோரும் போகிற இடம்தானே. வெள்ளைக் கல் ஜெப ஆலயம் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அதன் அடியில் தெரியும் கருங்கல் சுவர்களைக் குனிந்து பார்க்கத் தவறாதீர்கள். கூப்பிடு தூரத்தில் பேதுருவின் வீடு. அதன்மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எட்டுப் பக்கக் கிறிஸ்தவத் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். ஒரே ஊரில், இத்தனை அருகருகே ஜெப ஆலயமும் தேவாலயமும்!

எருசலேமில் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். சட்டைக்குக் கீழே வெள்ளை நூல் கொத்துகள் தொங்கின. எட்டு இழைகள், ஐந்து முடிச்சுகள், இடையிடையே நெருக்கமாகச் சுற்றிய நூல். வஸ்திரங்களின் ஓரங்களில் தொங்கல்களை உண்டாக்கக் கர்த்தர் மோசேயிடம் சொன்னது எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மகதலாவின் ஓவியம் உடனே கண்முன் வந்தது. அந்த ஸ்திரீயின் விரல் பட்டது இப்படிப்பட்ட ஒரு தொங்கலில்தான் என்று நான் நம்புகிறேன்.

சிறுவயதிலிருந்து கேட்ட சில பெரிய வெள்ளிப் பிரசங்கங்கள் அப்போது மனதை அறுத்தன. "யூதர்கள் நம் ஆண்டவரைக் கொன்றார்கள்" என்ற சொல் ஐரோப்பாவில் எத்தனை உயிர்களைக் குடித்திருக்கிறது! 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரை யூதர்களை வெட்டிச் சாய்த்தன. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியது. இயேசுவின் மரணப் பழியை அன்றைய யூதர் எல்லார் மேலும், இன்றைய யூதர் மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. ஆனால் பவுல் அப்போஸ்தலன் ரோமர் 11ஆம் அதிகாரத்தில் முன்பே எழுதிவிட்டார்: நாம் ஒட்டுப்போடப்பட்ட காட்டொலிவக் கிளைகள், வேரை நாம் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது. நம் சபைகளில் இந்த அதிகாரத்தை வைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரசங்கிக்க வேண்டும்.

கடைசியாக, ஆலய மலையின் தெற்குப் படிகள். பண்டிகைக்கு வந்த யாத்திரிகர்கள் ஏறிய படிகள் இவை; பழைய கற்கள் பல இன்னும் இருக்கின்றன. ஒரு படி அகலம், அடுத்தது குறுகல் என்று மாறி மாறி வருவதால் வேகமாக ஏற முடியாது. அருகில் இங்கேயும் முழுகும் குளங்கள். பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று வாசிக்கிறோமே, அந்தப் பெந்தெகொஸ்தே யூதர்களின் வாரங்களின் பண்டிகை. அதற்காகத்தான் அத்தனை பேர் நகருக்கு வந்திருந்தார்கள்.

நாங்கள் படிகளில் உட்கார்ந்து 122ஆம் சங்கீதத்தை வாசித்தோம். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தெற்குப் படிகள் மேற்கு மதிலுக்கு அருகேயுள்ள தொல்லியல் பூங்காவுக்குள் இருக்கின்றன, தனி டிக்கெட் வாங்க வேண்டும். பல குழுக்களின் திட்டத்தில் இந்த இடமும் மகதலாவும் இருப்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், படிகளில் நிழல் கிடையாது.