கயிற்றை அவிழ்த்த பிறகு

பிறர் வீட்டு நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எனக்குத் தொழில் பழக்கிய பெண்மணி ஒரு கணக்கு கொடுத்தார். நான்கு நாய்களையும் அவிழ்த்துவிட்டு நடக்க வேண்டும். ஒவ்வொன்றும் என்னை எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறது என்று எண்ண வேண்டும். விசில் அடிக்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவர் சற்றுத் தள்ளி வந்துகொண்டிருந்தார். எனக்கோ நாய்கள் ஓடுவது மட்டும்தான் கண்ணில் பட்டது. எது எவ்வளவு தூரம் போயிற்று, எது புதருக்குள் நுழைந்தது என்று பதறிக்கொண்டே நடந்தேன். இருபது நிமிடம் கழித்து, டோபி எத்தனை முறை பார்த்தது என்று கேட்டார். டோபி ஐந்து வயது லாப்ரடார். இரண்டு மூன்று முறை இருக்கும் என்றேன்.

"முப்பத்தொரு முறை" என்றார்.

எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்னமும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் நடப்பது கிழக்கு லண்டனில், மேனர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே விரிந்திருக்கும் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற புல்வெளியில். எப்பிங் காட்டின் தென்கோடி அது. அந்தக் காட்டை வேலி போட்டுக் கூறுபோட விடாமல் 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காப்பாற்றியது. அதனால்தான் இத்தனை நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நாய்கள் ஓட இவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது. உயரமான புல், முட்புதர்த் திட்டுகள், சில குளங்கள், வரிசையாகக் கால்பந்துத் திடல்கள். திங்கட்கிழமைக் காலைகளில் அந்தத் திடல்கள் பக்கம் நான் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்தவர்கள் தின்று போட்ட கோழி எலும்பு கிடக்கும். சமைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தக்கூடியது.

விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்த எனக்கு, நாயைக் கயிற்றில் பிடித்து நடப்பதே இங்கு வந்து கற்றதுதான். தாத்தா ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினால் எங்கள் சிப்பிப்பாறை நாய் தானாக எழுந்து உடன் போகும். சங்கிலி என்பது கட்டிப்போட, கூட்டிப்போக அல்ல. அந்த நாய் தாத்தாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதா என்று இப்போது யோசிக்கிறேன். பார்த்திருக்கும். அன்று எனக்கு அதைக் கவனிக்கத் தெரியவில்லை.

கொக்கியைக் கழற்றியதும் ஒவ்வொரு நாயும் என்னைச் சுற்றித் தனக்கென்று ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறது. ஸ்பானியல் காற்றை எதிர்த்து இடமும் வலமுமாக நெய்துகொண்டே போகும். துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள் பறவையை எழுப்பித் தர வேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் அது. சுடுபவர் யாரும் இல்லாத இந்தப் புல்வெளியிலும் அந்த எல்லையை அது பெரும்பாலும் தாண்டுவதில்லை. ஆடு மேய்க்கும் இனமான போர்டர் காலி எல்லோரையும் சுற்றிச் சுற்றி வந்து, பின்தங்கிய நாயைக் கண்ணால் நெருக்கும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் ஒன்று செவ்வாயும் வியாழனும் வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய உடம்பு. ஆனாலும் இரண்டு சுற்று ஓடிவிட்டு என் காலடியில் வந்து படுத்துவிடும். அணில் கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் அதன் காதில் எதுவும் ஏறாது. அதனால் வாய்க்கூடு மாட்டித்தான் அவிழ்ப்பேன். கண்ணால் வேட்டையாடும் இனம். தாத்தாவின் நாயும் அந்த வகைதான்.

டோபியின் வட்டம் சிறியது, பத்து பன்னிரண்டு மீட்டர். அது வேகமாக ஓடியதே இல்லை. ஆனால் அது திரும்பும் பக்கம் மற்ற மூன்றும் திரும்பும். இது என் பிரமையோ என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தேன். ஒரே வீட்டின் 6 நாய்களுக்கும் அவற்றின் உரிமையாளருக்கும் ஜி.பி.எஸ். கருவி கட்டி, கயிறில்லாமல் நடந்த 14 நடைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். முன்னால் போகும் நாய் நிமிடத்துக்கு நிமிடம் மாறினாலும், எல்லா நடைகளையும் சேர்த்துப் பார்த்தால் வழிநடத்தியவை குறிப்பிட்ட சில நாய்களே. அவை வயதில் மூத்தவை, பயிற்சிக்கு எளிதில் இணங்குபவை. படித்த மறுநாள் முதல் நான்கையும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். டோபியை மட்டும் கூப்பிடுவேன். நான்கும் வந்து சேரும்.

கயிறு இருக்கும்போது சண்டையும் இல்லாதபோது சமாதானமும் ஏன் என்று உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவிழ்த்துவிட்ட இரண்டு நாய்கள் சந்திப்பதைப் பொறுமையாகப் பார்த்தால் புரியும். அவை நேருக்கு நேர் வருவதில்லை. வில்போல் வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, முகத்தையும் பின்பக்கத்தையும் முகர்ந்துவிட்டு விலகும். பிடிக்காத நாய் தலையைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தரையை முகர்வதுபோல நிற்கும். மற்றது அதைப் படித்துக்கொண்டு போய்விடும். விளையாட மனமிருந்தால் முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி அழைக்கும். நடைபாதையில் எதிரெதிரே கயிற்றில் வரும் நாய்களுக்கு இந்த வளைவுக்கு இடமேது? நேர்க்கோட்டில் முகத்துக்கு முகம் நிறுத்துகிறோம். பயத்தில் நாமும் கயிற்றை இறுக்குகிறோம். கழுத்து நிமிர்ந்து, மார்பு முன்தள்ளி, மிரட்டும் நாயின் தோற்றம் அதற்கு வந்துவிடுகிறது. விலகிப் போகவும் வழியில்லை. குரைப்பதைத் தவிர அது வேறென்ன செய்யும்?

ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள்ளான நாயோடு வரும் உரிமையாளர்களின் மனக்குறை வேறு. "நீங்கள் கூப்பிட்டால் வருகிறது, நாங்கள் கூப்பிட்டால் கேட்காததுபோல் போகிறது" என்பார்கள். சிலர் கண்கலங்கியும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லூசி ஆஷர் தலைமையில் நடந்த 2020ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றிச் சொல்வேன். அதே நாய்களிடம் ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் 'உட்கார்' என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்தது; அந்நியர் சொன்னால் குறையவில்லை. விடலைப் பருவம் கடந்ததும் சரியாகிவிட்டது. நாய் அவர்களை வெறுக்கவில்லை. தாயின் பேச்சை மீறிப் பார்க்கும் வயதில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பருவத்தில்தான் நிறைய நாய்கள் காப்பகங்களுக்குப் போய்ச் சேருகின்றன. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டித் தரையில் இழுபட விட்டுவிட்டு, இன்னும் நான்கு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்வேன்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரே வாக்கியம், "அது ஒன்றும் செய்யாது". தூரத்திலிருந்து உரிமையாளர் கத்துவார். நாய் அதற்குள் யாரோ ஒருவர் மேல் பாய்ந்திருக்கும். மேனர் பார்க்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருநாள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓர் ஈழத்து அம்மா எதிரே வந்தார். நான் கைப்பேசியில் தமிழில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, "கடிக்குமா தம்பி?" என்றார்.

"இல்லையம்மா. பிடித்துக்கொண்டேன். நீங்கள் போங்கள்" என்று நான்கையும் கட்டி, பாதையை விட்டு இறங்கி நின்றேன்.

வெறிநாய்க்கடி உள்ள நாட்டில் வளர்ந்தவருக்கு ஓடிவரும் நாய் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். என் வகுப்புத் தோழன் ஒருவன் ஊசிக்காகத் திரும்பத் திரும்ப அரசு மருத்துவமனைக்கு நடந்ததைப் பார்த்தவன் நான். பிரிட்டனின் நாய்களிடம் அந்த நோய் 1922லேயே ஒழிந்துவிட்டது. அந்தத் தகவல் அவருடைய படபடப்பைக் குறைக்காது. இங்குள்ள 1991ஆம் ஆண்டு அபாய நாய்கள் சட்டமும், நாய் கடித்தால்தான் குற்றம் என்று சொல்லவில்லை. தனக்குக் காயம் நேருமோ என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி நாய் கட்டுமீறி நடந்தாலே போதும். சரியான சட்டம் என்றே நினைக்கிறேன்.

இனி எங்கள் பீகிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோப்பம் பிடித்து வேட்டையாடும் இனம் அது. மூன்றாம் ஆண்டு, டிசம்பர் மாதம். இங்கே அப்போது நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதிய நடையின் கடைசிப் பகுதி. உரிமையாளர்களுக்குத் தினமும் ஒரு படம் அனுப்புவது வழக்கம். அன்று ஸ்பானியல் பனிப்புல்லில் அழகாக நின்றதைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பீகிளின் வால் செங்குத்தாக நின்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது; மூக்கு தரையோடு ஒட்டியிருந்தது. நரியின் மணம். எத்தனை நிமிடமாக அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முட்புதருக்குள் மறைந்துவிட்டது.

விசில் அடித்தேன். கத்தினேன். புல்வெளியைக் குறுக்காக வெட்டிச் செல்லும் சென்டர் ரோடு நினைவுக்கு வந்ததும் வயிறு கலங்கியது. மற்ற மூன்றையும் கட்டி இழுத்துக்கொண்டு சாலையை நோக்கி ஓடினேன். சாலையோரமாக மேலும் கீழும் நடந்தேன், கத்திக்கொண்டே. ஏறக்குறைய அரை மணி நேரம் போயிற்று. இருட்டத் தொடங்கியபோது, டெரியர் ஒன்றைக் கூட்டிவந்த முதியவர் என்னை நிறுத்தினார். பீகிளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்தப் புதருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்தது. யாரும் இல்லை என்றதும் போய்விட்டது" என்றார்.

அது திரும்பி வந்திருக்கிறது. நான்தான் அங்கே இல்லை.

எட்டு ஆண்டுப் பணியில் அதைவிட என்னைச் சுட்ட சொல் வேறில்லை. அதே புதருக்கு ஓடினேன். என் மேற்சட்டையைக் கழற்றித் தரையில் போட்டேன். மூன்று நாய்களையும் உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். கத்தவில்லை. குளிரில் பற்கள் கிட்டித்தன. டோபி என் முழங்கால்மேல் சாய்ந்துகொண்டது. வெகுநேரம் கழித்து டோபியின் காது முதலில் நிமிர்ந்தது. பிறகு அதன் வால் அசைந்தது. பீகிள் புதரிலிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னால், போன வழிக்குச் சம்பந்தமே இல்லாத திசையிலிருந்து வந்தது. மூக்கில் முள் கீறியிருந்தது. அதைத் திட்டவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று மாலையே உரிமையாளரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சேர்த்து. நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுவாரமும் நாயை அனுப்பினார். அதன் பிறகு பீகிளுக்கு நீளக் கயிறுதான். நாய்கள் எல்லாம் கட்டப்படும் வரை நான் கைப்பேசியைத் தொடுவதில்லை. படம் வேண்டுமென்றால் நடை முடிந்த பிறகு எடுத்து அனுப்புகிறேன்.

அது ஏன் வேறு திசையிலிருந்து வந்தது என்பது அடுத்த ஆண்டு ஓரளவு விளங்கியது. செக் நாட்டுக் காடுகளில் 27 வேட்டை நாய்களுக்கு ஜி.பி.எஸ். கட்டிச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மோப்பத்தைத் துரத்திப் போன நாய்களில் பல, போன தடத்தையே பிடித்துத் திரும்பின. மற்றவை புது வழியில் வந்தன. அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை, திரும்பத் தொடங்கும் இடத்தில் முதலில் 20 மீட்டர் அளவுக்கு வடக்கு தெற்காக ஓடிப் பார்த்தன. அப்படி ஓடியவை குறைந்த தூரத்தில் வந்து சேர்ந்தன. பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு அவை தம் இருப்பிடத்தைச் சரிசெய்துகொள்கின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. எங்கள் பீகிள் அப்படித்தான் வந்ததா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்திருந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நாய் போய்விட்டால் நீங்கள் போகாதீர்கள்; உடன் ஆளிருந்தால் அவரைச் சாலைக்கு அனுப்புங்கள்.

வசந்த காலத்தில் எங்கள் வழி மாறும். வானம்பாடிகள் இங்கே தரையில், புல்லுக்கு நடுவே கூடு கட்டுகின்றன. அவற்றுக்காகச் சில பகுதிகளைக் கோடை முடியும் வரை வேலியிட்டு ஒதுக்குகிறார்கள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஸ்பானியல் ஒன்று ஒருமுறை நெய்துகொண்டு போனாலே தாய்ப்பறவை எழுந்துவிடும், முட்டை குளிர்ந்துவிடும். வேலிக்கு ஐம்பது மீட்டர் முன்பே நான்கையும் கட்டிவிடுவேன். தலைக்கு மேலே எங்கோ கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் அது பாடுவதைக் கேட்டுக்கொண்டே கடப்போம். ஜூலையில் புல்விதை, நடை முடிந்ததும் காதுமடலையும் விரலிடுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

டோபிக்கு இப்போது பதின்மூன்று வயது. காது கேட்பதில்லை. கண்ணில் பால்போலப் படலம் விழுந்திருக்கிறது. கட்டியே கூட்டிப்போய்விடலாமே என்று அதன் வீட்டார் கேட்டார்கள். கயிற்றை அவிழ்க்கும்போது அது இன்னமும் உடலை ஒரு முறை உதறிக்கொள்கிறது, இளம் வயதில் உதறியதுபோலவே. அதனால் குளத்தை ஒட்டிய சமதளத்தில், வேறு நாய்கள் இல்லாத நேரத்தில் மட்டும் அவிழ்க்கிறேன். இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போவதில்லை. பழைய பழக்கத்தில் நின்று திரும்புகிறது. என்னைப் பார்க்க முடியாதபோது மூக்கை உயர்த்துகிறது. காற்று என்மீது பட்டு அதன் பக்கம் வீசினால் போதும். தெரிந்துகொண்டு மறுபடி நடக்கிறது.

நாளைக்கு மேற்குக் காற்று என்கிறது வானிலை அறிக்கை. ஆகவே குளத்தருகே டோபி கிழக்குப் பக்கமாக நடக்கட்டும்; நான் அதற்கு மேற்குப் பக்கமாக நடப்பேன்.