மலைமேல் ஆடிட்டர் சங்கத்துக்கு மூன்றாண்டுத் திட்டம்: காலண்டரில் தொடங்குங்கள்

ஆடிட்டர் சங்கங்களில் மூன்றாண்டுத் திட்டம் என்றதும் முதல் கூட்டத்திலேயே 'தொலைநோக்கு' வாசகம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். வாசகம் நன்றாகவே வரும். அதற்கப்புறம் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நீலகிரியில் முதலில் மேஜைமேல் விரிக்க வேண்டியது காலண்டர்தான்.

முதலில் ஆடிட்டரின் கெடு தேதிகள்: மாதந்தோறும் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனை விவரம்), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாதச் சுருக்க ரிட்டர்ன்). ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன், செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கை, டிசம்பர் 31 ஜிஎஸ்டிஆர்-9 (ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன்). இவற்றின் மேல் மழையையும் சுற்றுலா சீசனையும் குறியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியில் ஹால் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் வண்டி நகராது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரியின் முறை. மண்சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடினால், கோவையிலிருந்து வர வேண்டிய பேச்சாளர் பாதி வழியில் திரும்பிவிடுவார்.

இத்தனையும் கழித்தால், முழுநாள் நிகழ்ச்சிக்குத் தோதாக மிஞ்சுவது ஜனவரி 21-லிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான். பெரிய கருத்தரங்குகளை அதற்குள் முடித்துவிடுங்கள். மற்ற மாதங்களுக்கு 21-ஆம் தேதிக்குப் பிறகு மாலையில் இரண்டு மணி நேர ஆன்லைன் வகுப்பு போதும். அதற்கும் யுபிஎஸ் வசதியுள்ள அலுவலகமாகப் பார்த்து நடத்துங்கள்.

அடுத்தது உறுப்பினர் பதிவேடு. பெரும்பாலும் பெயரும் போன் நம்பரும்தான் அதில் இருக்கும். சிஓபி (சொந்தமாகத் தொழில் நடத்தும் சான்றிதழ்) உண்டா, வயது 60 தாண்டியதா, எந்தத் தாலுகா, கடைசியாக வந்த கூட்டம் எது என்று நான்கு பத்தி சேருங்கள். சிஓபி வைத்திருக்கும் 60 வயதுக்குட்பட்ட சிஏ, மூன்றாண்டுகளில் 120 சிபிஇ (தொடர் தொழிற்கல்வி) மணி சேர்த்தாக வேண்டும்; அதில் ஆண்டுக்குக் குறைந்தது 20 மணி ஸ்ட்ரக்சர்டு வகை, அதாவது அங்கீகாரம் பெற்ற வகுப்பு, கருத்தரங்கு. அவருக்கு மணி வேண்டும். எஸ்டேட்டில் சம்பளத்துக்கு இருப்பவருக்கு விஷயம் வேண்டும். 60 கடந்தவருக்குச் சகாக்களைப் பார்த்தால் போதும். மூவருக்கும் ஒரே நிகழ்ச்சி போட்டால் மூவருமே வரமாட்டார்கள். இன்னொன்று: தனியாகப் பதிவு செய்த உள்ளூர்ச் சங்கம் தானாக சிபிஇ மணி கொடுக்க முடியாது. ஐசிஏஐ (சிஏக்களின் தேசிய அமைப்பு) கிளையோடோ அதன் அங்கீகாரம் பெற்ற ஸ்டடி சர்க்கிளோடோ சேர்ந்துதான் நடத்த வேண்டும். இதைப் பேசி முடிக்காமல் நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள்.

கருத்துக்கேட்பு என்று முப்பது கேள்வியோடு கூகுள் ஃபார்ம் அனுப்புவது வீண். வழக்கமாக வருகிறவர்களே அதையும் நிரப்புவார்கள். இரண்டு வருடமாகத் தலைகாட்டாதவர்களைப் போனில் அழைத்து, ஏன் வரவில்லை, எந்தத் தலைப்பென்றால் வருவீர்கள் என்று கேளுங்கள். பந்தலூர்க்காரர் பேருந்து நேரத்தைத்தான் சொல்வார். அது எந்த ஃபார்மிலும் வராது.

தலைப்புகளில் சென்னையைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறை என்பதால் அது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் தேயிலைக் கணக்கு இங்கேதான் வேண்டும். சொந்த இலையைத் தானே தூளாக்கி விற்றால் வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வரிக்குரியது. வெளியே வாங்கிய இலையில் வந்த லாபத்துக்கு இந்தப் பிரிப்பு கிடையாது. இரண்டு இலையும் ஒரே பாக்டரியில் அரைபடும்போது செலவை எப்படிப் பிரிப்பது, பச்சை இலைப் பதிவேட்டை எப்படி வைப்பது என்று ஒரு அரைநாள் வகுப்பு போட்டால் குன்னூரில் ஹால் நிறையும்.

புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதில் ஒன்றை நிறுத்துங்கள். விளம்பரம் கேட்டு அலைந்து போடும் ஆண்டு மலரில் ஆரம்பிக்கலாம். வருத்தப்படுபவர்கள் இருப்பார்கள், ஆனால் அந்த உழைப்பில் நான்கு வகுப்பு நடத்திவிடலாம்.

திட்டம் பெரும்பாலும் சாவது நிர்வாகிகள் மாறும்போது. கமிட்டி மொத்தமாக மாறாமல் ஆண்டுக்குப் பாதிப் பேர் விலகும்படி விதியைத் திருத்துங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி இதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை: 21 நாள் நோட்டீஸ், வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. நோட்டீஸில் 'விதி திருத்தம் குறித்து' என்று மொட்டையாகப் போட்டால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி வரும். பழைய விதி, புதிய விதி இரண்டையும் முழு வாசகமாகவே போடுங்கள்.

பொறுப்பு மாறும் நாளில் மாலை போடுவதற்கு முன்னால் வங்கிக் கையெழுத்து மாற்றப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வருமான வரி போர்ட்டலின் ஓடிபி இன்னமும் முன்னாள் செயலாளர் போனுக்குத்தான் போகும்; அவர் திருப்பூருக்குக் குடிபோய் வருடக்கணக்காகியிருக்கும். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி, அலுவலக போனில் போட்டு, எல்லா போர்ட்டலிலும் அந்த நம்பரைப் பதிவு செய்து, ரீசார்ஜ் தேதியையும் அதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.