அதிக ஓட்டு வாங்கியும் மூன்றாமிடம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல) ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் விருதுக்கு ஓட்டுப் போடுபவர்கள் பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்கள். 6 மண்டலம், மண்டலத்துக்கு 145 பேர். அப்புறம் முன்பு விருது வாங்கிய வீரர்கள். ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓட்டுதான், அது ரொம்பக் குறைச்சல்! ஒவ்வொருவரும் மூன்று பேரை வரிசைப்படுத்த வேண்டும்: 3, 2, 1 என்று புள்ளி.

1956-இல் முதலிட ஓட்டு அதிகம் வாங்கியவர் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டாமி மெக்டொனால்டு, 205. ஆனால் புள்ளிகளைக் கூட்டியதும் மூன்றாமிடத்துக்குப் போய்விட்டார். ஜெயித்தது நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் பால் ஹோர்னங். அந்த ஆண்டு அவர் அணி 10 ஆட்டத்தில் 8 தோற்றிருந்தது.

மெக்டொனால்டை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஆனாலும் இந்த முறைதான் சரி என்பேன். ஒரு வட்டாரமே தன் பையனுக்கு அள்ளிப் போட்டாலும் போதாது, மற்ற ஊர்க்காரர்களும் அவனை இரண்டாவதாகவாவது எழுத வேண்டும்.